கோப்புத் தேர்வுப் பெட்டியின் தொடக்கக் கோப்புறை

கணினியில் ஒரு மென்பொருளைத் திறந்து, 'கோப்பைத் திற' என்னும் கட்டளையைச் சொடுக்கியதும் ஒரு சிறு சாளரம் தோன்றுகிறது. அதில் சில கோப்புறைகளும் கோப்புகளும் வரிசையாகத் தெரிகின்றன. இச்சாளரம் கோப்புத் தேர்வுப் பெட்டி எனப்படும். அது திறக்கும்போது முதலில் எந்தக் கோப்புறையைக் காட்டுகிறதோ அதுவே தொடக்கக் கோப்புறை (ஃபோல்டர்). சில மென்பொருள்கள் 'ஆவணங்கள்' கோப்புறையைக் காட்டும். சில, கடைசியாகத் திறந்த இடத்தைக் காட்டும். வேறு சில, பயன்படுத்துபவர் ஒருபோதும் பார்த்திராத ஓர் இடத்தில் போய் நிற்கும்.

இந்த முதல் இடத்தை யார் முடிவு செய்வது என்பது கணினி வரலாற்றில் ஏறத்தாழ 60 ஆண்டுகளாகத் தொடரும் ஒரு கேள்வி. நிரல் எழுதுபவர், இயங்குதளம், பயன்படுத்துபவர் என மூன்று தரப்பினர் இதில் உள்ளனர். முடிவு தவறாக அமைந்தால் மாணவர் எழுதிய பாடம் எங்கே சேமிக்கப்பட்டது என்றே தெரியாமல் போகும். தமிழில் பெயரிட்ட கோப்புறை திறக்காமல் போகும். பொதுக் கணினியில் ஒருவருடைய சான்றிதழ் மற்றொருவர் கண்ணில் படும். இக்கட்டுரை இந்த அமைப்பின் வரலாற்றையும், தமிழ்நாட்டுச் சூழலில் அதன் பயன்பாட்டையும் விளக்குகிறது.

சொல் விளக்கம்

'கோப்பு' என்னும் சொல் கோத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. அலுவலகத் தாள்களைத் துளையிட்டு நூலில் கோத்து வைக்கும் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. இதற்கு இணையான ஆங்கிலச் சொல்லும் நூல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. கோப்புகளை இட்டு வைக்கும் உறை கோப்புறை. பழைய நூல்களில் இதனை அடைவு என்றும் குறிப்பர். ஒரு கோப்புறைக்குள் மற்றொன்று, அதற்குள் இன்னொன்று எனச் செல்லும் முழு முகவரிக்குப் பாதை என்று பெயர். மாவட்டம், வட்டம், ஊர், தெரு, வீட்டு எண் என்று அஞ்சல் முகவரி அமைவது போன்றது இது.

முன்வரலாறு: நடப்புக் கோப்புறை

கோப்புறைக்குள் கோப்புறை என்னும் மர அமைப்பை விரிவாக முன்வைத்தது மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத் திட்டம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேலியும், பெல் ஆய்வகத்தின் நியூமனும் 1965-ஆம் ஆண்டு ஒரு மாநாட்டில் அளித்த கட்டுரையில் இவ்வமைப்பு விளக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் முழுப் பாதையைத் தட்டச்சு செய்வது சுமை என்பதால், பயன்படுத்துபவர் 'இப்போது நிற்கும் இடம்' ஒன்று இருக்க வேண்டும் என்ற கருத்தும் அக்கட்டுரையில் இடம்பெற்றது. இதுவே நடப்புக் கோப்புறை. இன்றைய தொடக்கக் கோப்புறையின் மூதாதை இதுதான்.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் இக்கருத்தை எளிமையாக்கிப் பரப்பியது. யூனிக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு 'வீட்டுக் கோப்புறை' உண்டு. அவர் உள்நுழைந்ததும் அங்கேதான் நிற்பார். பயனருக்கென்று ஒரு தொடக்க இடம் என்னும் எண்ணம் இவ்வாறு நிலைபெற்றது.

யூனிக்ஸின் தொடக்க நாள்களில் நடந்த ஒரு நிகழ்வை ரிச்சி பின்னாளில் பதிவு செய்துள்ளார். ஒவ்வொரு கட்டளையையும் தனிச் செயல்முறையாக இயக்கும் புதிய ஏற்பாட்டை அவர்கள் கொண்டுவந்தனர். உடனே, நடப்புக் கோப்புறையை மாற்றும் கட்டளை வேலை செய்யாமல் போயிற்று. காரணத்தைத் தேடியபோது, அக்கட்டளை தன் சொந்தச் செயல்முறையின் கோப்புறையை மட்டும் மாற்றிவிட்டு முடிந்துவிடுகிறது என்பதும், அதை ஏவியவர் பழைய இடத்திலேயே நிற்கிறார் என்பதும் தெரிந்தன. எனவே அந்த ஒரு கட்டளையை மட்டும் கட்டளை ஏவியான 'ஷெல்' நிரலுக்குள்ளேயே வைக்க வேண்டியதாயிற்று. இன்றும் அவ்வாறே உள்ளது. நடப்புக் கோப்புறை என்பது கணினி முழுவதற்கும் பொதுவானதன்று, இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியானது என்ற பாடம் இதில் அடங்கியுள்ளது. தேர்வுப் பெட்டி பற்றிய பல குழப்பங்களுக்கு இந்தப் பாடமே விடை.

பெட்டியின் தோற்றம்

கட்டளைகளைத் தட்டச்சு செய்த காலத்தில் தேர்வுப் பெட்டிக்கு வேலையில்லை. திரையில் படங்களைச் சொடுக்கும் முறை வந்த பிறகே அதற்கான தேவை எழுந்தது. ஜெராக்ஸ் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட ஸ்டார் கணினியில் பயனர் மேசைப்பரப்பில் உள்ள ஆவணத்தையே நேரடியாகத் திறப்பார். ஆவணத்தைத் திறந்தால் அதற்குரிய கருவி தானே வரும். ஆகவே, 'எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும்' என்று மென்பொருள் கேட்க வேண்டிய கட்டாயம் அங்கு எழவில்லை.

ஆப்பிள் நிறுவனம் 1984 ஜனவரியில் வெளியிட்ட மெக்கின்டாஷ் கணினியில் மென்பொருளுக்குள் இருந்தபடியே கோப்பைத் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. இதற்காக எல்லா மென்பொருள்களும் பயன்படுத்தத்தக்க ஒரு பொதுப் பெட்டியை ஆப்பிள் வழங்கியது. ஆனால் அப்போது தொடக்கக் கோப்புறை என்ற கேள்விக்கே இடமில்லை. 400 கிலோபைட் கொள்ளளவுள்ள நெகிழ்வட்டில் கோப்புகள் அனைத்தும் ஒரே தளத்தில் இருந்தன. திரையில் தெரிந்த கோப்புறைகள் வெறும் தோற்றமே. பெட்டியைத் திறந்தால் வட்டில் உள்ள எல்லாக் கோப்புகளும் ஒரே நீண்ட பட்டியலாக வந்தன.

வன்வட்டு வந்ததும் இம்முறை தாங்கவில்லை. ஆயிரம் கோப்புகளை ஒரே பட்டியலில் தேட யாராலும் இயலாது. 1985-இல் ஆப்பிள் தன் 20 மெகாபைட் வன்வட்டுடன் உண்மையான கோப்புறை அடுக்குமுறையைக் கொண்டுவந்தது. அப்போதுதான் 'பெட்டி எங்கே திறக்க வேண்டும்' என்ற கேள்வி பிறந்தது. அதற்கு நேரான விடை மெக்கின்டாஷின் பொதுப் பெட்டியில் இல்லை. நிரலாளர்கள் கணினி நினைவகத்தில் குறிப்பிட்ட இரண்டு இடங்களில் வட்டின் எண்ணையும் கோப்புறையின் எண்ணையும் எழுதிவிட்டுப் பெட்டியை அழைத்தனர். பெட்டி அவ்விடத்தில் திறந்தது.

டாஸ், விண்டோஸ்

ஐபிஎம் கணினிகளில் இயங்கிய எம்எஸ்-டாஸ் 1981-இல் வந்தபோது அதில் கோப்புறைகள் இல்லை. 1983-இல் வந்த 2.0 பதிப்பில்தான் அவை சேர்ந்தன. சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் விருப்பக் குறியாகப் பயன்பட்டதால் பாதையைப் பிரிக்கப் பின்சாய்கோடு தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்தச் சிறு முடிவு இன்றளவும் மாணவர்களைத் தடுமாறச் செய்கிறது.

சி, பைத்தான் போன்ற மொழிகளில் பின்சாய்கோட்டுக்குச் சிறப்புப் பொருள் உண்டு. அதை அடுத்து 't' ஒலிக்குரிய சிறிய ஆங்கில எழுத்து வந்தால், கணினி இரண்டையும் சேர்த்து ஒரு தத்தல் இடைவெளியாகக் கொள்ளும். ஆகவே ஆங்கில எழுத்துகளில் 'தமிழ்' என்றோ 'திருவண்ணாமலை' என்றோ பெயரிட்ட கோப்புறையைப் பாதையில் எழுதினால், அப்பெயரின் முதல் எழுத்தே காணாமல் போய்விடும். பெட்டியும் பெரும்பாலும் பிழை எதுவும் சொல்லாது. சொன்ன இடம் இல்லாததால் அமைதியாக வேறோர் இடத்தில் திறந்துகொள்ளும். பின்சாய்கோட்டை இரண்டு முறை எழுதுவது இதற்கான எளிய தீர்வு.

விண்டோஸ் 3.0 காலம் வரை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு திறப்புப் பெட்டியை வரைந்துகொண்டது. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் தடுமாறினார். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1 இதற்கு முடிவு கட்டியது. எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவான உரையாடல் பெட்டிகளின் தொகுப்பு அதில் சேர்க்கப்பட்டது. பெட்டியை அழைக்கும்போது நிரலாளர் ஒரு படிவத்தை நிரப்பித் தருவது போல விவரங்களைத் தர வேண்டும். அப்படிவத்தின் ஒரு கட்டம் தொடக்கக் கோப்புறைக்கு உரியது. அதை வெறுமையாக விட்டால் நடப்புக் கோப்புறையே தொடக்கமாகும்.

இந்தக் கட்டம் பல மொழிகளில் பல பெயர்களில் தொடர்ந்தது. விஷுவல் பேசிக்கில் 'இனிட்டிர்', 2002-இல் வந்த டாட்நெட்டில் 'இனிஷியல்டைரக்டரி', பைத்தானின் டிகின்டரில் 'இனிஷியல்டிர்', ஜாவாவின் ஸ்விங் தொகுப்பில் 'செட்கரண்ட்டைரக்டரி' என்பன அவற்றுள் சில. எல்லாம் ஒரே வேலையைச் செய்பவையே.

பயனர்களின் பழக்கத்தைக் கருத்தில் கொண்டு விண்டோஸ் இவ்விதியை மெல்ல மெல்ல மாற்றியது. விண்டோஸ் 98, 2000 ஆகியவற்றில், தொடக்கக் கோப்புறை தரப்படாமலும் நடப்புக் கோப்புறையில் பொருத்தமான கோப்பு இல்லாமலும் இருந்தால், பயனரின் சொந்த ஆவணக் கோப்புறை திறந்தது. விண்டோஸ் 7 இன்னும் ஒரு படி சென்றது. நிரல் முதன்முறை தந்த அதே தொடக்கக் கோப்புறையை மீண்டும் தந்தால், அதைக் கருதாமல் பயனர் கடைசியாகத் தேர்ந்தெடுத்த இடத்தையே காட்டும். 'தொடக்கக் கோப்புறையைச் சரியாகத்தான் கொடுத்தேன், முதல்முறை வேலை செய்தது, அடுத்த முறை செய்யவில்லை' என்று புதிய நிரலாளர்கள் குழம்புவதற்கு இவ்விதியே காரணம். அது பிழையன்று. பயனரின் விருப்பத்தை நிரலின் விருப்பத்துக்கு மேலாக வைக்கும் திட்டமிட்ட ஏற்பாடு.

பக்கவிளைவுகள்

விண்டோஸின் பொதுப் பெட்டிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. பயனர் பெட்டிக்குள் வேறு கோப்புறைக்குச் சென்று கோப்பைத் தேர்ந்தெடுத்தால், நிரலின் நடப்புக் கோப்புறையும் அங்கேயே நகர்ந்துவிடும். எடுத்துக்காட்டாக, மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் ஒரு நிரல் தன் தரவுக் கோப்பை வெறும் பெயரால் மட்டும் தேடுகிறது எனக் கொள்வோம். ஆசிரியர் பென் டிரைவிலிருந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அடுத்த கணமே நிரல் தன் தரவுக் கோப்பைப் பென் டிரைவில் தேடத் தொடங்கும். இதைத் தவிர்க்க, பெட்டி மூடியதும் பழைய இடத்துக்குத் திரும்புமாறு சொல்லும் ஒரு குறி அப்படிவத்தில் உள்ளது. டாட்நெட்டில் அதன் பெயர் 'ரீஸ்டோர்டைரக்டரி'. தரவுக் கோப்புகளை எப்போதும் முழுப் பாதையுடன் குறிப்பிடுவது இதைவிடப் பாதுகாப்பானது.

நடப்புக் கோப்புறை பாதுகாப்புச் சிக்கலாகவும் மாறியது. சில விண்டோஸ் மென்பொருள்கள் தமக்குத் தேவையான துணை நிரல் நூலகங்களை நடப்புக் கோப்புறையிலும் தேடின. ஆவணம் இருக்கும் கோப்புறையில் அதே பெயரில் ஒரு தீய நூலகத்தை வைத்துவிட்டால், ஆவணத்தைத் திறப்பவரின் கணினியில் அது இயங்கிவிடும். 2010 ஆகஸ்டில் இவ்வகைத் தாக்குதல் குறித்து மைக்ரோசாஃப்ட் பொது எச்சரிக்கை வெளியிட்டது. பல மென்பொருள்கள் திருத்தப்பட்டன.

நிரலில் பதிந்துவிட்ட பாதைகள்

தொடக்கக் கோப்புறையைத் தரும்போது நிரலாளர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு, தம் கணினியில் உள்ள பாதையை அப்படியே நிரலில் எழுதிவிடுவது. விண்டோஸ் எக்ஸ்பியில் பயனரின் ஆவணங்கள் சி வட்டில் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்னும் கோப்புறைக்குள் இருந்தன. 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவில் அது 'யூசர்ஸ்' என்னும் கோப்புறைக்கு மாறியது. பழைய பாதை தொடர்ந்து இயங்க மைக்ரோசாஃப்ட் மாற்று வழி செய்திருந்தபோதும், இந்த மாற்றம் ஓர் உண்மையை உணர்த்தியது. இடத்தின் முகவரி மாறலாம், இடத்தின் பயன் மாறாது.

எனவே 'ஆவணங்கள் எங்கே இருக்கின்றன' என்று இயங்குதளத்திடமே கேட்பது சரியான முறை. விண்டோஸ் 95 காலம் முதலே சிறப்புக் கோப்புறைகளுக்கு எண்கள் தரப்பட்டன. விஸ்டா அதனை 'அறியப்பட்ட கோப்புறைகள்' என்னும் முறையாக விரிவாக்கியது. லினக்ஸில் இதே பணியை 2007-இல் வந்த பயனர் கோப்புறைத் திட்டம் செய்கிறது. வீட்டுக் கோப்புறையில் உள்ள ஒரு சிறு அமைப்புக் கோப்பில் ஆவணம், இசை, படம், பதிவிறக்கம் ஆகியவற்றின் உண்மை இடங்கள் எழுதப்பட்டிருக்கும். மென்பொருள்கள் அதைப் படித்து அறிந்துகொள்ளும்.

யாருடைய முடிவு மேலானது

2004-இல் வந்த ஜிடிகே 2.4 பதிப்பு லினக்ஸ் மென்பொருள்களுக்குப் புதிய தேர்வுப் பெட்டியை வழங்கியது. தொடக்கக் கோப்புறையை அமைக்கும் செயற்கூறும் அதில் உண்டு. ஆயினும் பொதுவாக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் ஆவணங்களே நிரலாளர்களுக்கு அறிவுரை கூறுகின்றன. எங்கே தொடங்குவது என்பதைப் பெட்டியே பயனரின் பழக்கத்தைக் கொண்டு முடிவு செய்யட்டும் என்பது அவர்கள் கொள்கை.

விஸ்டாவில் வந்த புதிய தேர்வுப் பெட்டி இதை மேலும் தெளிவாக்கியது. அதில் இரண்டு தனித்தனிச் செயற்கூறுகள் உள்ளன. ஒன்று, 'எப்படியாயினும் இங்கே திற' என்று கட்டாயப்படுத்துவது. மற்றொன்று, 'பயனர் முன்பு எங்கும் சென்றதில்லை என்றால் மட்டும் இங்கே திற' என்று பரிந்துரைப்பது. முதலாவதைத் தேவையின்றிப் பயன்படுத்தினால், பயனர் ஒவ்வொரு முறையும் தன் இடத்தைத் தேடி நடக்க வேண்டியிருக்கும். வகுப்பில் ஒரு மாணவர் நாள்தோறும் அமரும் இடத்தை விட்டு அவரை வாசலிலேயே நிறுத்துவதற்கு ஒப்பானது அது.

தமிழ்ப் பெயர்க் கோப்புறைகள்

பாதை ஆங்கில எழுத்துகளில் மட்டுமே இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட நிரல்கள் தமிழ்ப் பயனர்களை நெடுங்காலம் தொல்லைப்படுத்தின. இதன் பின்னணியில் எழுத்துக் குறியாக்க வரலாறு உள்ளது.

சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்னும் குறியாக்கங்களைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தமிழ்க் கணிமை ஆர்வலர்களிடையே டிஸ்கி வழக்கில் இருந்தது. இவை ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் எழுத்துருவை அமர்த்தியவை. ஆவணத்துக்குள் எழுத்துருவை மாற்றித் தமிழைப் படிக்கலாம். தேர்வுப் பெட்டியிலோ கணினியின் சொந்த எழுத்துருவே இருக்கும். ஆகவே கோப்புகளின் பெயர்கள் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தன. தமிழில் எழுதியவர்களும் தம் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயரிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 தமிழை யூனிகோடு வழியாக ஆதரித்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆயினும் ஒரு தடை இருந்தது. விண்டோஸில் பழைய 8 பிட் நிரல்களுக்கென மொழிதோறும் ஒரு குறிமுறைப் பக்கம் உண்டு. தமிழுக்கு அத்தகைய பக்கம் ஒதுக்கப்படவே இல்லை. யூனிகோடில் மட்டுமே இயங்கும் மொழியாக அது சேர்க்கப்பட்டது. எனவே பழைய முறையில் எழுதப்பட்ட நிரல் ஒரு தமிழ்ப் பாதையைப் பெற்றால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாக மாறிவிடும். விண்டோஸில் கோப்பின் பெயரில் கேள்விக்குறி வரக்கூடாது. ஆகவே அந்தப் பாதை எங்கும் சென்று சேராது.

1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அம்மொழி தன்னுள் சொற்களை யூனிகோடிலேயே வைத்திருந்தது. ஆனால் அதன் பொதுப் பெட்டி பழைய முறையில் இயங்கியது. பயனர் 'மதிப்பெண்கள்' என்னும் கோப்புறையைத் தேர்ந்தெடுத்தால் நிரலுக்குக் கேள்விக்குறிகளின் வரிசையே கிடைத்தது. இந்நிலை படிப்படியாக மாறியது. 2016-இல் வந்த பைத்தான் 3.6, விண்டோஸில் கோப்புப் பெயர்களுக்கு யூடிஎஃப்-8 குறியாக்கத்தை ஏற்றது. 2019-இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பில், ஒரு நிரல் தனக்கு யூடிஎஃப்-8 வேண்டும் என்று அறிவிக்கும் வசதி வந்தது.

எழுத்து எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. 'திருவண்ணாமலை' என்பது கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுவதால் அது 12 குறிகள். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் 36 பைட். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. அதாவது தமிழில் 85 குறிகள் வரையே எழுதலாம். கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக இட்டுப் பழகியவர்கள் இவ்வரம்பை எளிதில் தொட்டுவிடுவர்.

இன்னொரு சிக்கல் 'ஒ', 'ஓ', 'ஔ' வரிசை உயிர்மெய்களில் எழுகிறது. 'கோயில்' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிள் 1998-இல் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததைக் கொடுத்தபடியே சேமிக்கின்றன. இதனால் மேக் கணினியிலிருந்து கொண்டுவந்த 'கோயில்' கோப்புறையும் லினக்ஸில் உருவாக்கிய 'கோயில்' கோப்புறையும் ஒரே இடத்தில் இரண்டாக நிற்கக்கூடும். நிரல் நினைவில் வைத்த தொடக்கக் கோப்புறை இரண்டில் எது என்று பயனருக்குத் தெரியாது. பாதைகளை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்வது நிரலாளரின் கடமை.

தமிழ் இடைமுகத்தைக் காட்டுவதிலும் இருவேறு வழிகள் உள்ளன. விண்டோஸில் 'ஆவணங்கள்' என்று திரையில் தெரிந்தாலும் வட்டில் உள்ள பெயர் ஆங்கிலமே. தமிழ்ப் பெயர் ஒரு போர்வை போன்றது. லினக்ஸின் பயனர் கோப்புறைத் திட்டத்தில், தமிழைத் தேர்ந்து முதன்முறை உள்நுழைந்தால் வட்டிலேயே தமிழ்ப் பெயரில் கோப்புறை உருவாகும். முன்னது பழைய நிரல்களைக் காப்பாற்றுகிறது. பின்னது மொழியை முழுமையாக மதிக்கிறது. ஆனால் ஆங்கிலப் பெயரை நம்பி எழுதிய நிரல்கள் அங்கே வழி தவறும். இரண்டு இடங்களிலும் சரியாக இயங்க ஒரே வழி, பெயரை ஊகிக்காமல் இயங்குதளத்திடம் கேட்பதே.

பள்ளிகளும் பொதுக் கணினிகளும்

தமிழ்நாட்டின் மேல்நிலைக் கணினி அறிவியல் பாடத்தில் ஸ்டார் ஆஃபிஸும் சி++ மொழியும் பல ஆண்டுகள் இடம்பெற்றன. 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் 12-ஆம் வகுப்புக்குப் பைத்தான் மொழி பாடமானது. கோப்புகளைத் திறந்து படிக்கும் பயிற்சியும் அதில் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், பள்ளி ஆய்வகத்தில் மட்டும் கணினியைத் தொட்ட மாணவர்களிடம் சொந்தக் கணினியைச் சேர்த்தது.

இந்த வேறுபாடு தொடக்கக் கோப்புறைக்கு நேராகத் தொடர்புடையது. ஆய்வகத்தில் ஒரு கணினியை நாளொன்றுக்குப் பல மாணவர்கள் பயன்படுத்துவர். பெரும்பாலும் அனைவரும் ஒரே பயனர் பெயரில் இயங்குவர். 'கடைசியாகத் திறந்த இடம்' என்பது அங்கே முந்தைய வகுப்பு மாணவரின் கோப்புறை. அதை உணராமல் சேமித்தால் ஒருவருடைய செய்முறைக் கோப்பின் மேல் மற்றொருவருடையது எழுதப்பட்டுவிடும். சொந்த மடிக்கணினியில் அதே ஏற்பாடு பெரும் வசதி.

நகலகங்களிலும் இணைய மையங்களிலும் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமம் பகுதி போன்ற, வெளியூர் மக்கள் நாள்தோறும் வந்து செல்லும் இடங்களை எண்ணிப் பார்க்கலாம். பயணச்சீட்டு அச்சிட ஒருவர், விடுதிக்காக அடையாளச் சான்றின் நகல் எடுக்க ஒருவர், விண்ணப்பம் நிரப்ப ஒருவர் என ஒரே கணினியின் முன் பலர் வந்து போவர். அங்கே தேர்வுப் பெட்டி கடைசியாகத் திறந்த இடத்தைக் காட்டினால், முன்னவருடைய ஆதார் அட்டையும் கடவுச்சீட்டும் பின்னவர் கண்முன் நிற்கும். கணினி ஒருவருக்கே உரியது என்று கொண்டு வகுத்த விதி, பலர் பகிரும் கணினியில் தனியுரிமையைக் காப்பதில்லை. இத்தகைய இடங்களுக்கு எழுதப்படும் நிரல்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வெற்றுக் கோப்புறை ஒன்றில் தொடங்குவதும், வேலை முடிந்ததும் அதை அழிப்பதும் பொருத்தமானவை.

உலாவியும் கைப்பேசியும்

இணையப் பக்கத்தின் வழியே கோப்பை அனுப்பும் முறை 1995-இல் முன்மொழியப்பட்டது. இங்கே தொடக்கக் கோப்புறையை அமைக்கும் உரிமை பக்கத்தை எழுதியவருக்குத் தரப்படவில்லை. முன்பின் அறியாத ஒரு தளம் பயனரின் வட்டு அமைப்பைத் தெரிந்துகொள்வது ஆபத்து என்பதே காரணம். கோப்பைத் தேர்ந்த பின்னும் அதன் உண்மைப் பாதை பக்கத்துக்குத் தெரிவதில்லை. உலாவிகள் அதற்கு மாற்றாக 'ஃபேக்பாத்', அதாவது பொய்ப்பாதை, என்னும் கற்பனைக் கோப்புறையின் பெயரைத் தருகின்றன.

2020-இல் குரோம் உலாவி புதிய கோப்பு அணுகு முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டில் 'ஸ்டார்ட்இன்' என்னும் விருப்பம் அதில் சேர்ந்தது. மேசைப்பரப்பு, ஆவணங்கள், பதிவிறக்கங்கள், இசை, படங்கள், காணொளிகள் ஆகிய ஆறு பொது இடங்களில் ஒன்றையோ, பயனர் முன்பே அனுமதி அளித்த கோப்பு இருக்கும் இடத்தையோ பக்கம் பரிந்துரைக்கலாம். வேறு எந்தப் பாதையையும் எழுத்தால் எழுதித் தர இயலாது. ஆண்ட்ராய்டில் 2013-இல் வந்த 4.4 பதிப்பு பொதுவான ஆவணத் தேர்வுத் திரையை வழங்கியது. அது எங்கே தொடங்க வேண்டும் என்று செயலி சொல்லும் வசதி 2017-இல் வந்த 8.0 பதிப்பில் சேர்ந்தது.

இன்றைய நடைமுறை

இவ்வரலாற்றிலிருந்து நிரல் பயிலும் மாணவர்கள் கைக்கொள்ளத்தக்க முறைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. திறக்கப்படும் கோப்பு ஏற்கெனவே உள்ள ஆவணத்தோடு தொடர்புடையது என்றால், அந்த ஆவணம் இருக்கும் கோப்புறையிலேயே தொடங்கலாம்.

2. அவ்வாறு இல்லையெனில், பயனர் கடைசியாகத் தேர்ந்த இடத்தை மதிக்க வேண்டும். படத்துக்கு ஓரிடம், பாடத்துக்கு ஓரிடம் எனப் பயன்பாட்டுக்கு ஏற்பத் தனித்தனியாக நினைவில் வைப்பது நல்லது.

3. முதன்முறை திறக்கும்போது, ஆவணம், படம் போன்ற பொதுக் கோப்புறைகளின் இடத்தை இயங்குதளத்திடம் கேட்டுப் பெற வேண்டும். தம் கணினியின் பாதையை நிரலில் எழுதக்கூடாது.

4. நினைவில் வைத்த கோப்புறை இப்போதும் உள்ளதா என்று சோதிக்க வேண்டும். பென் டிரைவ் கழற்றப்பட்டிருக்கலாம். அப்போது அடுத்த பொருத்தமான இடத்துக்குச் செல்ல வேண்டும்.

5. தமிழில் பெயரிட்ட கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்குள் தமிழ்ப் பெயருள்ள கோப்பை வைத்துத் திறந்தும் சேமித்தும் சோதிக்க வேண்டும். ஓகாரம் வரும் பெயர் ஒன்று அதில் கட்டாயம் இருக்கட்டும்.

6. பலர் பகிரும் கணினிக்கான நிரலில் முந்தையவரின் இடத்தை நினைவில் வைக்கக்கூடாது.

தொடக்கக் கோப்புறையை அமைக்கும் நிரல்வரி ஒன்றே ஒன்றுதான். அந்த வரியை எழுதும் முன், கணினியின் முன் அமரப்போவது யார், அவர் தம் கோப்புகளை எந்த மொழியில் பெயரிட்டு எங்கே வைத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் மாணவர்களுக்கு வேண்டும்.